கேரவன் இழுக்கும் குடும்பத்துக்கு டீசலா, பிளக்-இன் ஹைபிரிடா?

ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்கத் துணிந்த எந்தக் குடும்பமும் அடுத்த வாரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். கேரவன் பார்க்கில் பக்கத்து இடத்துக்காரர் டீசல்தான் என்பார். அலுவலக நண்பர் ஹைபிரிட் வாங்கி எரிபொருள் செலவைப் பாதியாக்கிவிட்டதாகச் சொல்வார். இருவர் சொல்வதும் அவரவர் ஓட்டத்துக்குச் சரி. உங்கள் ஓட்டத்துக்கு எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம் போதும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே இந்த அத்தியாயம்.

செலவுக்கு முன்னால் எடை. வண்டி இழுக்க அனுமதிக்கப்பட்ட எடைக்குள் கேரவன் அடங்காவிட்டால் மீதிக் கணக்குக்கே வேலையில்லை. மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட் 1,600 கிலோ வரை இழுக்கும். இசுசு எம்யூ-எக்ஸ், டொயோட்டா பிராடோ போன்ற டீசல் வண்டிகள் 3,500 கிலோ இழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய இடைவெளியைச் சமீபத்தில் வந்த ஹைபிரிட் பிக்கப்கள் குறைத்திருக்கின்றன. பிஒய்டி ஷார்க் 6 இழுப்பது 2,500 கிலோ. ஃபோர்டு ரேஞ்சரின் பிளக்-இன் வகை 3,500 கிலோவைத் தொட்டுவிட்டது, ஆனால் அதன் பேட்டரி 11.8 யூனிட்தான். (இந்த நூலில் கிலோவாட் மணியை, நமக்குப் பழகிய மின் கட்டணச் சீட்டில் உள்ளபடி யூனிட் என்றே எழுதுகிறேன்.)

கேரவன் விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் காலி எடை. தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினால் நூறு லிட்டருக்கு நூறு கிலோ. இரண்டு கேஸ் சிலிண்டர், கூடாரம், நாற்காலிகள், ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு, குக்கர், பிள்ளைகளின் சைக்கிள் என்று ஏற்றி முடித்தால் 1,250 கிலோ என்று வாங்கிய கேரவன் 1,600-ஐத் தாண்டி நிற்கும். கேரவனின் முன்பகுதி கொக்கி மேல் அழுத்தும் எடை, மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வண்டியின் சுமைக் கணக்கில் சேரும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்து, பின்னால் பெட்டிகளும் வைத்த பிறகு அந்த 150 கிலோவுக்கு வண்டியில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஏற்றிய நிலையில் ஒரு பொது எடைமேடைக்குப் போய் நிறுத்திப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் எண் அதுதான்.

இனிச் செலவு. நான் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் விலைகள்: பெட்ரோல் லிட்டர் 1.85 டாலர், டீசல் 1.90 டாலர், வீட்டு மின்சாரம் யூனிட் 30 சென்ட். உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

நடுத்தர அளவு பிளக்-இன் ஹைபிரிட் ஒன்று, கேரவன் இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும்போது, சார்ஜ் செய்கையில் வீணாவதையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 22 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். அது 6.60 டாலர். பேட்டரி தீர்ந்து பெட்ரோலில் ஓடினால் 7.5 லிட்டர், ஏறக்குறைய 13.90 டாலர். பெரிய டீசல் எஸ்யூவி நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் 9 லிட்டர் குடிக்கும், 17.10 டாலர். சுமார் 1,400 கிலோ கேரவனை மாட்டியதும் ஹைபிரிடுக்கு 15 லிட்டர் பெட்ரோல், 27.75 டாலர். டீசலுக்கு 13 லிட்டர், 24.70 டாலர்.

இந்த ஐந்து எண்களில் முழு விஷயமும் இருக்கிறது. கேரவன் இழுக்கும்போது டீசல் 100 கி.மீ.க்குச் சுமார் 3 டாலர் மிச்சப்படுத்துகிறது. கேரவன் இல்லாமல், வீட்டில் சார்ஜ் செய்து ஓடும்போது ஹைபிரிட் 10.50 டாலர் மிச்சப்படுத்துகிறது. அதாவது வீட்டு மின்சாரத்தில் ஓடிய ஒவ்வொரு 100 கி.மீ.யும், கேரவன் இழுத்த 340 கி.மீ.யின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. ஆகவே இழுவை வண்டியின் எரிபொருள் செலவை முடிவு செய்வது, எதையும் இழுக்காத சாதாரண நாட்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ரயில் நிலையத்துக்குப் போவது, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, கடை, கோயில். இந்த ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு வீட்டுச் சுவரில் செருகிய மின்சாரத்தில் நடக்கும் என்பதுதான் கேள்வி.

ஒரு வழக்கமான குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கி.மீ.; அதில் 3,000 கேரவனோடு. மீதி 12,000-இல் 8,000 மின்சாரத்தில், 4,000 பெட்ரோலில். ஹைபிரிடின் ஆண்டுச் செலவு: மின்சாரம் 528, கேரவன் இல்லாத பெட்ரோல் 555, கேரவனோடு பெட்ரோல் 832; மொத்தம் சுமார் 1,915 டாலர். பெரிய டீசல்: கேரவன் இல்லாமல் 2,052, கேரவனோடு 741, மொத்தம் 2,793. வித்தியாசம் 880 டாலர் அளவில். நள்ளிரவுக்குப் பிறகு யூனிட் 10 சென்ட்டுக்குள் தரும் மின்வண்டித் திட்டம் உங்களிடம் இருந்தால் வித்தியாசம் 1,200-ஐத் தாண்டும்.

ஹைபிரிட் விற்பவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்தக் கூடாது. 1,600 கிலோ இழுக்கும் வண்டியை 3,500 கிலோ இழுக்கும் வண்டியோடு ஒப்பிட்டு வந்த மிச்சம் அது. உங்கள் கேரவன் 1,400 கிலோதான் என்றால் உங்களுக்கு அந்தப் பெரிய டீசலே தேவையில்லை. மாஸ்டா சிஎக்ஸ்-60, 2023-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது ஒரே உடலில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலாகவும் பிளக்-இன் ஹைபிரிடாகவும் வந்தது. அப்படிப்பட்ட அளவான டீசல், சோதனைக்கூட எண்ணில் 5 லிட்டர் என்று காட்டினாலும், சாலையில் 6.5 என்று வைத்துக்கொள்வோம். கேரவனோடு 11 லிட்டர். அதே 15,000 கி.மீ.க்கு 2,109 டாலர். 880 டாலராக இருந்த வித்தியாசம் 190-ஆகச் சுருங்கிவிட்டது! மலிவான இரவு மின்சாரம் இருந்தால் 545. இந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு என்பது என் வருத்தம். பெரிய வண்டியைச் சின்ன வண்டியாக மாற்றியதால் வந்த மிச்சத்தை, டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறியதால் வந்த மிச்சம் என்று நம்பி நிறையப் பேர் பணம் கட்டுகிறார்கள்.

எங்கே செருகுகிறீர்கள் என்பது அடுத்தது. சொந்த வீடு, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சாதாரண 10 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும். 20 யூனிட் பேட்டரி இரவு முழுக்கச் செருகி வைத்தால் பத்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். இதற்கென்று ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சுவர் சார்ஜர் மாட்ட வேண்டியதில்லை. கூரையில் சோலார் இருந்து, பகலில் வண்டி வீட்டில் நிற்குமானால் இன்னும் நல்லது. அப்போது ஒரு யூனிட்டின் உண்மை விலை, அதை வெளியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் சில சென்ட்டுகள்தான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, பொதுச் சார்ஜரை நம்பி ஹைபிரிட் வாங்காதீர்கள். விரைவுச் சார்ஜரில் யூனிட் 65 சென்ட் என்றால் 100 கி.மீ.க்கு 14.30 டாலர். பெட்ரோலிலேயே 13.90-க்கு ஓடியிருக்கலாம்.

செருகவே சோம்பல்படும் வீடு என்றால்? அப்போதும் இழுக்காத 100 கி.மீ.க்குப் பெரிய டீசலை விட மூன்று டாலர் மிச்சம். இழுக்கும் 100 கி.மீ.க்கு அதே மூன்று டாலர் நஷ்டம். பாதிக்குப் பாதி ஓடினால் சரிக்குச் சரி. அளவான டீசலோடு ஒப்பிட்டால் நஷ்டமே.

கேரவன் இழுக்கும்போது ஹைபிரிடின் செலவு ஏன் இவ்வளவு ஏறுகிறது? ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக ஆற்றல் இருக்கிறது. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் அதிகம், கனமான சுமையில் மணிக்கணக்கில் ஓடினாலும் எரிபொருளை வீணாக்காது. பெட்ரோல் டர்போ எஞ்சினோ முழுச் சுமையில் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே கூடுதல் பெட்ரோல் ஊற்றும். இதோடு, பேட்டரி தீர்ந்த ஹைபிரிட் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி அதை மோட்டாருக்கு அனுப்பும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் இழக்கிறது. பயன்படாத பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறது. அதைவிடப் பெரிய எதிரி காற்று. கேரவனின் முகப்பு வண்டியை விட உயரமும் அகலமும் கொண்ட ஒரு சுவர். வேகம் 90-லிருந்து 110-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு சரிபாதி கூடும். நான் 90-இல் ஓட்டச் சொல்வது இரண்டு வகை வண்டிக்கும்தான். கேரவனோடு போகும்போது செலவைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மின்சாரத்தில் எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள சிட்னியின் தெற்குக் கடற்கரைப் பாதையை எடுத்துக்கொள்வோம். கியாமாவில் விடுமுறை முடிந்து திரும்புகிறீர்கள். இரவே சார்ஜ் போட்டதால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 20 யூனிட்டில் வண்டி உங்களுக்குத் தருவது 17 என்று வையுங்கள். கேரவனோடு 100 கி.மீ.க்கு 45 யூனிட் போகும். ஆக 38 கி.மீ. அவுட்லேண்டரின் விளம்பரத்தில் 84 கி.மீ. என்று இருந்தது நினைவிருக்கட்டும். கியாமாவிலிருந்து வொலொங்காங் தாண்டி மவுண்ட் ஔஸ்லி ஏற்றத்தின் அடிவாரம் ஏறக்குறைய 40 கி.மீ. அதாவது, எதையும் யோசிக்காமல் கிளம்பினால், அந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் தொடங்கும் இடத்தில் உங்கள் பேட்டரி தீர்ந்திருக்கும். லாரிகள் ஊர்ந்து ஏறும் அந்த ஏற்றத்தில் வண்டியும் கேரவனும் சேர்ந்த 3,700 கிலோவைப் பெட்ரோல் எஞ்சின் தனியாக ஏற்ற வேண்டும். எஞ்சின் அலறும், வேகம் இறங்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்.

இதைத் தவிர்ப்பது சுலபம். 300 மீட்டர் உயரத்துக்கு அந்த எடையைத் தூக்க 3 யூனிட் போதும், இழப்புகளையும் சேர்த்தால் 4. கடற்கரையோரச் சமதளத்தில் பேட்டரியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பெட்ரோலில் ஓட்டுங்கள். கால் பேட்டரிக்கு மேல் வைத்துக்கொண்டு ஏற்றத்துக்கு வந்தால் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தூக்கும். ஷார்க் 6 போன்றவற்றில் பேட்டரி எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று முன்பே குறித்துவைக்கலாம். மேலே ஏறி ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பும் இடம் வரை வந்துவிட்டால் கடினமான பகுதி முடிந்தது. போகும்போது இதே மலையில் இறங்குகையில் மோட்டார் பிரேக் பிடித்து, அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக் கட்டைகளும் சூடேறாது. ஆனால் வீட்டில் முழுவதும் நிறைத்த பேட்டரியோடு உடனே நீண்ட இறக்கத்தில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தைப் போட இடமிருக்காது. அப்போது பிரேக்கையே நம்ப வேண்டி வரும்.

கேரவன் பார்க்கில் இரவு சார்ஜ் போடலாம் என்று மேலே எளிதாகச் சொன்னேன். எல்லா இடத்திலும் விட மாட்டார்கள். மின்சாரம் உள்ள ஓர் இடத்துக்கு 15 ஆம்பியர் இணைப்பு ஒன்று தருவார்கள். அதில்தான் உங்கள் கேரவனின் ஏசி, கெட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட வேண்டும். கூடவே வண்டியையும் செருகினால் ஃபியூஸ் போகும், சில சமயம் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து. சில பார்க்குகள் தடை செய்கின்றன, சில தனிக் கட்டணம் கேட்கின்றன. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல், சார்ஜரின் ஆம்பியரைக் குறைத்து வைத்துச் செருகுங்கள்.

தொட்டியின் அளவும் செலவில் சேரும், பலர் யோசிப்பதில்லை. 56 லிட்டர் தொட்டியில் 15 லிட்டர் வீதம் 370 கி.மீ. எம்யூ-எக்ஸின் 80 லிட்டரில் 13 வீதம் 600-க்கு மேல். நகரங்களுக்கு இடையே இது பெரிய விஷயமில்லை. உள்நாட்டுப் பாதைகளில், மலிவான பங்க்கைத் தாண்டிப் போக முடியாமல் விலை உயர்ந்த பங்க்கில் நிற்க வேண்டி வரும். சில ஐரோப்பிய ஹைபிரிட்கள் 95 அல்லது 98 பெட்ரோல்தான் கேட்கும். லிட்டருக்கு 20 சென்ட் அதிகமானால், நாம் மேலே போட்ட 750 லிட்டருக்கு ஆண்டுக்கு 150 டாலர். எரிபொருள் மூடியின் உட்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடுமுன் திறந்து பாருங்கள்.

பராமரிப்பில் டீசலின் பலவீனம் நகரத்துக் குறுகிய ஓட்டம். கரித் துகள்களைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறி இருபது நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓடினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தினமும் பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் மூன்று கி.மீ. ஓடும் டீசல், ஒருநாள் எச்சரிக்கை விளக்கோடு பட்டறையில் நிற்கும். அந்த வடிகட்டியை மாற்றுவது எந்த எரிபொருள் மிச்சத்தையும் விழுங்கிவிடும். ஆகவே வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்ட வாய்ப்பில்லாத வீட்டுக்கு டீசலை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பிராடோ போன்றவற்றில் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். செலவு சிறிதுதான், ஆனால் தீர்ந்தால் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. 2021 டிசம்பரில் நாடு முழுக்க அதற்குத் தட்டுப்பாடு வந்தது லாரிக்காரர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹைபிரிடில் பிரேக் தேய்மானம் குறைவு. ஆனால் ஆயில் மாற்ற வேண்டிய எஞ்சின் ஒன்று அதிலும் இருக்கிறது. மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓட்டினால் தொட்டியில் பெட்ரோல் பழசாகிவிடும். அவுட்லேண்டர் அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறது. அதன் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம். அந்த எல்லையை நெருங்கிய ஹைபிரிடை விற்கப் போனால் வாங்குபவர் பேரம் பேசுவார். பழைய பிராடோவுக்கோ விலை இறங்கவே மாட்டேன் என்கிறது. பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் எரிபொருளை விடப் பெரியதாகக்கூட இருக்கலாம்.

வரி மாறிக்கொண்டே இருக்கிறது. சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் நோவேட்டட் லீஸில் ஹைபிரிட் எடுத்தால் கிடைத்துவந்த எஃப்பிடி வரி விலக்கு, புது ஒப்பந்தங்களுக்கு 2025 ஏப்ரல் 1-உடன் முடிந்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மின்வண்டிகளிடம் கிலோமீட்டருக்கு இத்தனை என்று சாலைக் கட்டணம் வாங்கும் முயற்சியை விக்டோரியா 2021-இல் தொடங்கியது. ஹைபிரிடுக்குக் கிலோமீட்டருக்கு 2 சென்ட். நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட், 2023 அக்டோபர் 18 அன்று அதைச் செல்லாது என்றது. ஆனாலும் யோசனை சாகவில்லை. 2 சென்ட் மறுபடி வந்தால் 15,000 கி.மீ.க்கு 300 டாலர். அளவான டீசலுக்கு எதிராக நாம் கண்ட 190 டாலர் மிச்சம் அதோடு போயிற்று. நியூசிலாந்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டணத்தைச் சேர்க்காமல் கணக்கே போட முடியாது. அங்கே பங்க்கில் டீசல் மலிவாகத் தெரிவதற்குக் காரணமே சாலை வரி அதில் இல்லாததுதான், 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர் தனியாகக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் பிளக்-இன் ஹைபிரிடுக்கு 38.

ஓய்வு பெற்று ஆறு மாதம் நாட்டைச் சுற்றுபவர்களின் கணக்கு வேறு. ஆண்டுக்கு 20,000 கி.மீ.யில் 12,000 கேரவனோடு, மீதியில் பாதி மின்சாரத்தில் என்றால் ஹைபிரிடுக்கு 4,149 டாலர், பெரிய டீசலுக்கு 4,332. ஏறக்குறைய சமம். அந்தச் சமத்துக்காகச் சின்னத் தொட்டியையும் சார்ஜ் தேடும் சிரமத்தையும் ஏற்கத் தேவையில்லை. 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவன், நீண்ட தூரம் என்றால் டீசலே வாங்குங்கள். 1,500 கிலோவுக்குள் அடங்கும் கேரவன், ஆண்டுக்கு நான்கைந்து விடுமுறைகள், சொந்த வீட்டில் பிளக், அன்றாட ஓட்டம் 50 கி.மீ.க்குள் என்ற குடும்பத்துக்கு ஹைபிரிட்தான் என் முதல் தேர்வு.

எந்தப் பக்கம் முடிவு செய்தாலும், டோ பாரை வண்டி நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். வெளிக்கடையில் மாட்டி, ஹைபிரிடின் அடிப்பகுதி வயர்களில் கைவைத்தால் உத்தரவாதம் சிக்கலாகும். டோ பார், கேரவனின் மின் பிரேக்குக்கான கன்ட்ரோலர், வயரிங் மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று வண்டியின் விலையோடு ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளிலேயே, இழுக்க அனுமதிக்கப்பட்ட எடையையும் கொக்கியின் எடை வரம்பையும் நீங்கள் வாங்கும் மாடலின் பெயரோடு குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியின் பெட்ரோல், டீசல், ஹைபிரிட் வகைகளுக்கு இந்த எண்கள் வேறு வேறு.